வெள்ளிக்கிழமைக் கோளாறு

மாசானத்துக்கு ஓரிடத்தில் உட்கார வராது. பதினேழு வயதில் சாத்தான்குளம் பக்கத்திலிருந்து பம்பாய் வந்து இறங்கியவன், தாராவியில் தோல் கிடங்கு, பரேலில் மில், சயானில் டாக்ஸி ஷெட், குர்லாவில் மோட்டாருக்குக் காயில் சுற்றும் பட்டறை என்று லோக்கல் ரயிலில் ஏறி இறங்குகிற மாதிரி வேலைகளில் ஏறி இறங்கினான். விடும்போதெல்லாம் ஒரு காரணம் கைவசம் இருக்கும். மேஸ்திரி சரியில்லை. வெளிச்சம் போதாது. ஒரு தடவை டீ சரியில்லை என்றுகூடச் சொன்னான். நிஜக் காரணம் ஊருக்கே தெரியும். வேலை கைக்குப் படிந்ததும் அவனுக்குக் கால் அரிக்க ஆரம்பித்துவிடும்.

அவனைக் கட்டிக்கொண்டு ஊரிலிருந்து வந்த தங்கமயிலுக்கு இது கொஞ்ச நாள் வேடிக்கையாக இருந்தது. பிறகு வேடிக்கையாக இல்லை. அவள் பக்கத்துத் தையல் பட்டறைக்குச் சட்டைப் பொத்தான் தைத்துக் கொடுப்பாள். ஒவ்வொரு முறையும் புருஷன் வேலைக்குப் போயிருக்கிறான் என்று நம்பிச் சோற்றைக் கட்டிக்கொண்டு போவாள். அங்கே யாராவது கையை விரித்து, "சலா கயா" என்பார்கள். போய்விட்டான். அவளுக்குத் தெரிந்த கொஞ்சநஞ்ச இந்தியில் அவள் ரத்தத்தைச் சுண்ட வைக்கிற வார்த்தை அதுதான். மில் வாசலில் கேட்டிருக்கிறாள், டாக்ஸி ஷெட்டில் கேட்டிருக்கிறாள், குர்லாவிலும் கேட்டாயிற்று.

குர்லாவில் கேட்ட அன்று அவள் அழவில்லை, சத்தமும் போடவில்லை. அரிசி களைந்துகொண்டே சொன்னாள்.

"இன்னொரு எடத்துல அந்தச் சொல்லக் கேட்டேம்னா, நான் செம்பூருக்கு அண்ணாச்சி வீட்டுக்குப் போயிருவேன். பெறகு நீங்க எங்கன வேணாலும் போங்க, வாங்க. நான் கேக்கமாட்டேன்."

தங்கமயில் சொன்னால் செய்கிறவள். இது மாசானத்துக்கு நன்றாகவே தெரியும்.

அதற்குப் பிறகு அவன் போய்ச் சேர்ந்த இடம் தாராவி மெயின் ரோட்டில் ஜெயினுலாப்தீனின் ரிப்பேர் கடை. ஃபேன், இஸ்திரிப் பெட்டி, ரேடியோ எல்லாம் வரும். முதலாளியின் சொந்தக்காரர்கள் பாதிப் பேர் கப்பலில் வேலை பார்த்ததால் வேறு ஒன்றும் வரும். அதுதான் பொம்மை ரயில் எஞ்சின். சீமையிலிருந்து கப்பலேறி வந்து, வசதியான வீடுகளில் ஆறு மாதம் சுற்றிவிட்டு, ஏதாவது ஒரு நாள் மூச்சு விடாமல் நின்றுபோகும். பம்பாயில் அதைத் திறந்து பார்க்கத் தைரியமுள்ள ஆட்கள் குறைவு. மாசானத்துக்குத் தைரியம் என்று சொல்வதைவிடச் சும்மா இருக்க முடியாத கை என்று சொல்லலாம். முதல் எஞ்சினை முதலாளி வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்லவே அவன் திறந்துவிட்டான். ஓடவும் வைத்துவிட்டான்.

அந்தக் கடையில்தான் அவன் தரித்தான். காரணம், ஒரு எஞ்சின் நின்ற காரணத்துக்கு இன்னொன்று நிற்பதில்லை. ஒன்றில் மோட்டாருக்குக் கரண்டு கடத்துகிற கார்பன் தேய்ந்திருக்கும். புது கார்பன் கடையில் கிடைக்காது. செத்துப்போன டார்ச் பேட்டரியை உடைத்து, நடுவில் இருக்கிற கரிக்குச்சியை அளவாக அறுத்து, அரம் போட்டு இழைத்து வைப்பான். இன்னொன்றில் மோட்டாருக்குள் சுழல்கிற ஆர்மேச்சரில் முடியைவிட மெல்லிய கம்பி எங்கோ அறுந்திருக்கும். வேறொன்றில் சக்கரத்துக்கு நடுவே ஒரு இரும்புத் தூள் சிக்கி, கரண்டு குறுக்கு வழியில் போய்க்கொண்டிருக்கும். இரண்டு வருஷமாக ஒரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். உட்கார்ந்திருந்தான் என்றால், முட்டி ஆடிக்கொண்டே இருக்கும், கை எதையாவது துடைத்துக்கொண்டே இருக்கும். ஆனாலும் ஸ்டூல் அதேதான்.

தங்கமயில் முகத்தில் கொஞ்சம் சதை போட்டது. விதிக்குப் பொறுக்குமா?

அறுபத்து நாலில், மழை விட்ட பிறகு, மாட்டுங்காவிலிருந்து அனந்தகிருஷ்ணன் என்பவர் ஒரு பச்சை எஞ்சினைத் துண்டில் சுற்றிக் குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி கொண்டுவந்தார். கப்பல் கம்பெனியில் ஹெட் கிளார்க். பிள்ளைகள் கிடையாது. எஞ்சின் அவருக்கேதான், வெட்கப்படாமல் சொன்னார். ஹாலில் பலகை அடித்துத் தண்டவாளம் போட்டிருக்கிறாராம். சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்து காப்பி குடித்ததும் அது ஒரு சுற்று சுற்றினால்தான் அவருக்கு நாள் முடியுமாம்.

"நின்னு நின்னு போறதுப்பா மாசானம். கையால ஒரு தள்ளு தள்ளினா ஓடறது. அப்புறம் திரும்பப் படுத்துக்கறது."

மாசானம் திறந்தான். கார்பன் தேய்ந்திருந்தது, மாற்றினான். சக்கரத்தில் கறுப்பாகப் பிசின் மாதிரி அழுக்கு இருந்தது. எல்லா எஞ்சினிலும் இருக்கிற அழுக்குதானே என்று பெட்ரோலில் துணியை நனைத்துத் துடைத்தான். கடையில் தண்டவாளம் போட்டு வைத்திருந்த பலகையில் ஓட்டிக் காட்டினான், சிட்டாய்ப் பறந்தது. அடுத்த சனிக்கிழமை அனந்தகிருஷ்ணன் திரும்ப வந்து நின்றார். ஸ்பிரிங்கை மாற்றினான். ஓடியது. அதற்கடுத்த சனிக்கிழமையும் வந்தார். இந்த முறை மாசானம் ஆர்மேச்சரையே பிரித்து, ஒரு காயிலை முழுக்கப் புதிதாகச் சுற்றினான். கண் பூத்துப்போனது. கடையில் ஓடியது. ஒரு வாரம் கழித்து, மறுபடியும் துண்டும் எஞ்சினுமாக அனந்தகிருஷ்ணன்.

எப்போதும் சனிக்கிழமை வருகிறாரே என்று யாருக்கும் தோன்றவில்லை. சனிக்கிழமை ஆபீஸ் அரை நாள், மாட்டுங்கா ஆட்கள் எல்லோருமே அன்றைக்குத்தான் கடைக்கு வருவார்கள்.

அவர் கோபப்படவில்லை. அதுதான் ஜெயினுலாப்தீனுக்குப் பொறுக்கவில்லை. நல்ல மனுஷன் நாலு தடவை நடையாய் நடந்தால் மாட்டுங்கா முழுக்கப் பேச்சாகிவிடும். அவர் போன பிறகு முதலாளி ஸ்டூலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏ மாசானம். நீ கெட்டிக்காரன்னு நான் ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன். இன்னும் ஒரு தடவ இது திரும்பி வந்திச்சின்னா, எனக்கு வேற வழி இல்ல பாத்துக்க. குர்லாவுல ஒரு பையன் வேலை கேட்டு வந்துட்டுப் போனான்."

மாசானம் எஞ்சினை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டான். அவன் வாழ்க்கையில் வேலையை அவன் விட்டிருக்கிறானே தவிர, வேலை அவனை விட்டதில்லை. ஆனால் தங்கமயிலுக்கு இரண்டும் ஒன்றுதான். அவள் காதில் விழப்போவது ஒரே வார்த்தை.

எஞ்சினை அக்கு அக்காகக் கழற்றினான். பல்பு வைத்து ஒவ்வொரு கம்பியாகச் சோதித்தான். ஒரு கோளாறும் இல்லை. கோளாறு இருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். வீட்டுக்குப் போனால் சோறு இறங்கவில்லை, வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தான்.

"என்ன, காலு அரிக்கோ?" என்று தங்கமயில் கேட்டாள். சிரித்துக்கொண்டு கேட்கவில்லை.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

இதைச் சொல்லியிருக்க வேண்டாம். நடந்ததைச் சொல்லியிருந்தால் பின்னால் வந்த வினை வந்தே இருக்காது. ஆனால் மாசானம் வீட்டில் கடையைப் பற்றிப் பேசுகிற பழக்கமே இல்லாதவன்.

வியாழக்கிழமை அனந்தகிருஷ்ணன் ஆள் அனுப்பி எஞ்சினை வாங்கிக்கொண்டார். வெள்ளிக்கிழமை காலையில் மாசானத்துக்கு ஸ்டூலில் இருப்பே கொள்ளவில்லை. கடைசியில் முதலாளியிடம் போய், "மொதலாளி, நான் அவுக வீட்டுக்கே போயி ஓடுதத ஒரு தடவ பாத்துட்டு வாறேன். இங்கன ஓடுதது அங்கன ஏன் நிக்குன்னு பாக்கணும்" என்றான். ஜெயினுலாப்தீன் தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தார், ஜும்மாவுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. போய்விட்டு வா என்று தலையை ஆட்டினார். மாசானம் சாமான் பெட்டியை எடுத்துக்கொண்டு மாட்டுங்காவுக்கு நடந்தான். கொஞ்ச நேரத்தில் முதலாளி கடையைச் சாத்திவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்.

அனந்தகிருஷ்ணன் வீட்டில்தான் இருந்தார். எஞ்சின் சரியாகி வந்த சந்தோஷத்தில் லீவு போட்டுவிட்டாராம். அவர் ஹாலுக்குக் கூட்டிக்கொண்டு போய், பலகையைக் காட்டி, பெருமையோடு ஸ்விட்சைத் திருப்பினார். முந்தின நாள் அவரே துடைத்து வைத்த தண்டவாளத்தில் பச்சை எஞ்சின் சுற்றியது. ஒரு தடங்கல் இல்லை. மாசானம் குனிந்து, இடுப்பிலிருந்த துணியை உருவி, தண்டவாளத்தைத் துடைக்கக் கையை நீட்டினான்.

"ஐயோ, தொடாதீங்கோ!"

அனந்தகிருஷ்ணனின் மனைவி சந்திரலேகா. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு நின்றாள். பலகை ஹாலில் ஒரு பக்கத்தை அடைத்துக்கொண்டிருந்தது. அதை ஒட்டினாற்போலச் சுவரில் சாமி அலமாரி. "வெள்ளிக்கிழமை. இன்னும் விளக்கேத்தலை. பூஜை முடியறவரைக்கும் அந்தப் பக்கம் யாரும் கை வெக்கப்படாது. அந்த நாற்காலில உக்காந்துக்கோங்கோ, காப்பி தரேன்" என்றாள்.

மாசானத்துக்குச் சுருக்கென்றது. தாராவியிலிருந்து வந்த கை என்றுதானே சொல்கிறாள் என்று ஒரு நினைப்பு ஓடியது. அந்த அம்மாள் தன் புருஷனின் கையையும் அதே வேகத்தில் தட்டிவிட்டதைப் பார்த்த பிறகுதான் கொஞ்சம் ஆறியது. முழுக்க ஆறவில்லை. எழுந்து போய்விடலாமா என்று பார்த்தான். போனால் எஞ்சின் நாளைக்குத் துண்டில் வரும். உட்கார்ந்தான்.

அப்படி ஓர் உட்காரலை அவன் பிறந்ததிலிருந்து உட்கார்ந்ததில்லை. கையில் வேலை இல்லை, தொட ஒரு பொருள் இல்லை. முட்டி ஆடியது, நிறுத்தினான், மறுபடி ஆடியது. கீழே தெருவில் பஸ் போவதும் வருவதும் கேட்டது. எழுந்திரு, எழுந்திரு என்று கால் சொல்லிக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தான். பார்ப்பது ஒன்றுதான் அந்த வீட்டில் தடை செய்யப்படாத வேலை.

சந்திரலேகா விளக்கேற்றினாள். தூபக்காலில் கங்கு போட்டு, அதன்மேல் ஒரு பிடி சாம்பிராணியைத் தூவினாள். குபுகுபுவென்று வெள்ளையாகப் புகை எழுந்தது. சாமிக்குக் காட்டினாள், மூலை முடுக்குக்கெல்லாம் காட்டினாள். பிறகு தூபக்காலை ஜன்னலோரம் தரையில் வைத்து, அதன்மேல் ஒரு கூடையைக் கவிழ்த்து, கூந்தலை விரித்துப் புகையில் உலர்த்தத் தொடங்கினாள். காற்று வெளியிலிருந்து உள்ளே அடித்தது. புகை அத்தனையும் பலகையின்மேல் போய்ப் படுத்துக்கொண்டது. அவளுக்கு முடி அதிகம், நிதானமாக உலர்த்தினாள், இன்னொரு பிடியும் போட்டாள். அனந்தகிருஷ்ணன் கண்ணைக் கசக்கிக்கொண்டு பேப்பர் படித்தார்.

பூஜை முடிந்தது, அவர்கள் சாப்பிட்டார்கள். மாசானத்துக்கும் இலையில் சாதம் போட்டார்கள். கையைக் கழுவிக்கொண்டு வந்த அனந்தகிருஷ்ணன் ஆசையாக ஸ்விட்சைத் திருப்பினார்.

எஞ்சின் ஒரு முழம் போனது. தயங்கியது. இன்னும் கொஞ்சம் தத்தியது. நின்றுவிட்டது.

"பாத்தேளா!" என்று சந்திரலேகா சிரித்தாள். "நான் சொன்னா இவர் நம்பறதில்லை. வெள்ளிக்கிழமையானா இதுக்கும் ஒருபொழுது."

மாசானம் துள்ளி எழுந்தான். "அம்மா, இப்ப தொடலாமா?" என்று கேட்டுவிட்டுத் தண்டவாளத்தின்மேல் விரலை வைத்து ஒரு இழு இழுத்தான். விரல் ஒட்டியது. முகர்ந்தான். சாம்பிராணி.

மரத்துப் பிசின்தானே அது. புகையாய்ப் போய்த் தண்டவாளத்தில் கண்ணுக்குத் தெரியாமல் பூசிக்கொள்கிறது. சக்கரம் அதை உருட்டி உருட்டிச் சேர்க்கிறது. தண்டவாளத்திலிருந்து சக்கரம் வழியாகத்தான் எஞ்சினுக்குக் கரண்டு; பிசினைத் தாண்டி அது ஏறாது. அவன் கடையில் துடைத்துத் துடைத்து எறிந்த கறுப்பு அழுக்கு இதுதான். அவன்தான் அதை அழுக்கென்றே நினைத்துக்கொண்டு, கோளாற்றை வயிற்றுக்குள் தேடிக்கொண்டிருந்தான்.

அடுத்து ஞாபகத்துக்கு வந்ததுதான் அவன் தலையில் குட்டியது. கடையிலும் இதே புகை உண்டு. வியாழக்கிழமை தோறும் அந்தி நேரத்தில் தர்காப் பக்கிர் ஒருவர் தூபச் சட்டியோடு வந்து, முதலாளி காசு போட, கடை முழுக்கச் சாம்பிராணி காட்டிவிட்டுப் போவார். கடைப் பலகையும் அதில்தான் குளிக்கும். ஆனால் விடிந்து கடை திறந்ததும் மாசானத்தின் கை, சும்மா இருக்கமாட்டாமல், பெட்ரோல் துணியால் தண்டவாளத்தைத் துடைத்துவிடும். துடைக்காத தண்டவாளத்தில் அவன் ஒரு எஞ்சினையும் ஓட்டிப் பார்த்ததில்லை. கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் முதல் வாரமே பிடித்திருப்பான்.

விஷயத்தைச் சொன்னதும் சந்திரலேகாவின் முகம் சுண்டிப்போனது. "எங்காத்து சாம்பிராணியாலயா? சாமிக்குக் காட்டற புகையிலயா தோஷம்?"

"தோசமில்லம்மா. நீங்க போடுறத போடுங்க. வெள்ளிக்கெழம மட்டும் பலகைய ஒரு துணியால மூடிப்புட்டாப் போதும்."

அனந்தகிருஷ்ணன் பரணிலிருந்து தன் பழைய எட்டு முழத்தை எடுத்துக்கொண்டு வந்து, அங்கேயே அளந்து பார்க்க ஆரம்பித்துவிட்டார். மாசானம் தண்டவாளத்தையும் சக்கரத்தையும் துடைத்தான். எஞ்சின் ஓடியது. அது ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கக்கூட நேரமில்லாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினான்.

ஜெயினுலாப்தீன் கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். அந்தக் குர்லாப் பையனை வரவேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன் என்றார். பிறகு சாதாரணமாக, "ஒன் வீட்டுக்காரி மத்தியானம் சோறு கொண்டுட்டு வந்திச்சாம். நான் தொழப் போயிட்டேன். பக்கத்துப் பான்வாலாகிட்ட வச்சிட்டுப் போயிருக்கு" என்று தூக்குச்சட்டியை நீட்டினார்.

மாசானம் பான்வாலாவிடம் போனான். அவள் என்ன கேட்டாள், நீ என்ன சொன்னாய் என்றான். பான்வாலாவுக்கு இது ஒரு கேள்வியாகவே படவில்லை. சாத்திய கடையைப் பார்த்தாள், உன்னைக் கேட்டாள், பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாயே, அதைச் சொன்னேன். வேறென்ன சொல்ல?

"மை போலா, வோ தோ சலா கயா."

மாசானம் வீட்டுக்கு ஓடினான். பூட்டியிருந்தது. எதிர் வீட்டு மதீனா பீவி சாவியைக் கொடுத்தாள். "டிரங்குப் பெட்டியோட போயிட்டா. செம்பூருக்காம். நான் எம்புட்டோ சொல்லிப் பாத்தேன்" என்று சொல்லிவிட்டு, அவனை ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினாள். அவளுக்கும் அவன் வேலையை விட்டுவிட்டான் என்றுதான் எண்ணம்.

அநியாயம் என்று அவனுக்கு நெஞ்சு கொதித்தது. பஸ்ஸில் நின்றுகொண்டே கொதித்தான். ஒரு தப்பும் செய்யாத நாளில், சொல்லப்போனால் வாழ்க்கையிலேயே ஒழுங்காக உட்கார்ந்திருந்த ஒரே நாளில், ஓடிப்போனவன் என்று பேர் வாங்கியிருக்கிறான். இதை யாரிடம் போய்ச் சொல்வது? செம்பூர் வருவதற்குள் கொதிப்பு இறங்கி, பயம் மட்டும் மிஞ்சியது.

தங்கபாண்டி மளிகைக் கடை வைத்திருப்பவர், தங்கமயிலுக்கு மூத்தவர். வாசலில் நின்ற மாசானத்தை ஏற இறங்கப் பார்த்தார். "வாங்க மாப்ள. இந்த வேலைக்கு என்ன கொற? டீயா, வெளிச்சமா?"

"வேலை போகல மச்சான். நான் போனது ரிப்பேருக்கு."

"எல்லாத் தடவையும் ஒண்ணு சொல்லுவிய." அவர் உள்ளே திரும்பி, தங்கைக்குக் கேட்கிற மாதிரி சொன்னார். "நீ வெளிய வராத. செத்த நேரம் நிப்பாரு, பெறகு அவரே போயிருவாரு."

மாசானம் வாசல் படியில் உட்கார்ந்தான். விளக்கு வைக்கிற நேரம். விளையாடிவிட்டு வீடு திரும்பும் பிள்ளைகள், ஆபீஸ் முடிந்து ஸ்டேஷனிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் அவனைத் தாண்டிப் போனார்கள். கால் எழுந்திரு என்றது. முட்டியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டான். வெகு நேரம் கழித்து உள்ளே வளையல் சத்தம் கேட்டது. தங்கமயில் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"எங்க போயிருந்தியன்னு கேட்டேன், அண்ணாச்சி சொன்னாவ. ரிப்பேரா?"

அவன் எல்லாவற்றையும் சொன்னான். எஞ்சின் நான்கு முறை கடைக்கு வந்தது, முதலாளி சொன்ன கெடு, எண்ணெய்த் தலை, சாம்பிராணி, எல்லாம். இரண்டு வருஷத்தில் கடையைப் பற்றி அவன் அவளிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

"அந்த வீட்டுல எம்புட்டு நேரம் உக்காந்திருந்திய?"

"உச்சிப்பொழுதுல இருந்து."

"எந்திரிக்காமயா?"

"எந்திரிக்காம."

"எங்கூட வீட்டுல ஒருநாளு அப்படி உக்காந்திருக்கியளா? ஒரு தடவ? என்ன செய்தா, ஏது செய்தா, எதுல நின்னு போறான்னு, ஒரு பொழுது பாத்திருக்கியளா?"

இந்த ஒன்றுக்கு மாசானம் கைவசம் எந்தக் காரணமும் வைத்திருக்கவில்லை. கண்ணில் நீர் முட்டியது, துடைக்காமல் இருந்தான்.

அவள் கதவை முழுக்கத் திறந்துவிட்டாள்.

"இங்கனயே இருங்க. துணிய எடுத்து வச்சிட்டு வாறேன்."

உள்ளே போனாள். அவள் கொண்டுவந்தது ஒரே ஒரு டிரங்குப் பெட்டி, அதையும் இன்னும் திறக்கவே இல்லை என்பது படியிலிருந்தே தெரிந்தது. அவள் அதைத் திறந்து, மடிப்புக் கலையாத ஒரு சேலையை வெளியே எடுத்து, உதறி, நிதானமாக மடிக்க ஆரம்பித்தாள். பிறகு இன்னொன்று. தங்கபாண்டி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். செம்பூரில் அன்றைக்கு அத்தனை மெதுவாகத் துணி மடித்தவர்கள் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

அவள் அவனை உட்கார வைத்துப் பார்க்கிறாள் என்று மாசானத்துக்குப் புரிந்தது. அவன் படியைவிட்டு எழுந்திருக்கவில்லை.